நட்பா, காதலா? அனிமே உறவுகளைப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களின் முடிவுகளும் பதில்களில் வெளிவரும். இன்னும் பார்க்காத தொடரின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஒரு ஜோடி நண்பர்களா, காதலர்களா என்று எதை வைத்துச் சொல்வது?

மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாத்திரம் என்ன உணர்கிறது? அது இன்னதென்று அந்தப் பாத்திரத்துக்கே தெரியுமா? கதை அதை வாய்விட்டுச் சொல்கிறதா? ரசிகர்களுக்குள் நடக்கும் வாக்குவாதங்களைக் கவனித்தால், ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், எதிரில் இருப்பவர் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இருவர் சொல்வதும் சரியாக இருக்கும், சண்டை மட்டும் ஓயாது.

மூன்றும் எப்படிப் பிரிந்து நிற்கும் என்பதற்கு ‘கார்ட்கேப்டர் சகுரா’ (1998–2000, 70 எபிசோட்) நல்ல பாடம். சகுராவுக்கு அண்ணனின் நண்பன் யுகிதோ மேல் கொள்ளைப் பிரியம். தொடர் முழுக்க அதைக் காதல் என்றே நாமும் எடுத்துக்கொள்கிறோம், அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். 66-ஆவது எபிசோடில் அவள் மனதைத் திறந்து சொன்னதும், யுகிதோ மறுப்பாக ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: என்மேல் உனக்கு இருக்கும் பிரியமும் உன் அப்பாமேல் இருக்கும் பிரியமும் ஒன்றுபோல இருக்கிறதா? அவள் யோசித்துப் பார்க்கிறாள். ரொம்பவே ஒத்துப்போகிறது. அவள் உணர்ந்தது பொய்யில்லை. அதற்கு அவள் வைத்திருந்த பெயர்தான் மாறுகிறது. யுகிதோவின் மனதில் முதலிடம் சகுராவின் அண்ணன் தோயாவுக்கு என்பதும் அதே காட்சியில் அமைதியாக வந்துபோகிறது.

‘சுகி’ என்று சொல்லிவிட்டால் அது காதல்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. ‘சுகி’ நம் ‘பிடிக்கும்’ போல. தோசைக்கும் சொல்லலாம், தோழிக்கும் சொல்லலாம், மனதில் இருப்பவருக்கும் சொல்லலாம். சப்டைட்டில் எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

‘எவாஞ்செலியன்’ தொடரின் 24-ஆவது எபிசோடில் குளியல் அறையில் கவொரு ஷிஞ்சியிடம் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறான். பழைய ஆங்கில வடிவத்தில் அது ‘காதலிக்கிறேன்’ என்று பொருள்படும்படி வந்தது. 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட புதிய மொழிபெயர்ப்பில் ‘உன்னைப் பிடித்திருக்கிறது’ என்ற அளவுக்கு இறங்கியது. பெரிய சர்ச்சை எழுந்தது. மூலத்தில் இருப்பது இரண்டுக்கும் இடம் தரும் ஒரு சொல். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை. கவொரு ஷிஞ்சியின் கையைத் தொடுவது, ஷிஞ்சி கூசிப்போவது, அதுவரை யாருமே அவனிடம் இவ்வளவு நேராகப் பிரியத்தைச் சொன்னதில்லை என்பது, இவைதான் அந்தக் காட்சிக்குக் கனம் சேர்க்கின்றன.

சில கதைகள் இந்த இரட்டைப் பொருளைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. மேலே சொன்ன சகுராவிடம் தோழி தொமொயோ ‘சுகி’ என்கிறாள். எனக்கும் உன்னைப் பிடிக்குமே என்கிறாள் சகுரா. நான் சொல்வதும் நீ சொல்வதும் ஒன்றல்ல என்றும், நீ பெரியவளானதும் சொல்கிறேன் என்றும் தொமொயோ புன்னகையோடு விட்டுவிடுகிறாள். தொமொயோவின் பக்கம் ஐயத்துக்கு இடமே இல்லை. கேட்டவளுக்குத்தான் அது நட்பாகக் காதில் விழுகிறது.

‘ஐஷிதேரு’ என்ற கனமான சொல் வந்தால் ஓரளவு உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பேச்சில் அதை யாரும் எளிதில் எடுப்பதில்லை.

அப்படியானால் உறவு எப்போது ‘அதிகாரபூர்வம்’ ஆகிறது?

ஜப்பானியப் பள்ளிக்கதைகளில் அதற்கென்று ஒரு சடங்கு உண்டு: கொகுஹாகு. தனியாக அழைத்து (மொட்டைமாடி, பள்ளிக்குப் பின்புறம், வகுப்பு முடிந்த மாலை), பிடித்திருக்கிறது என்று சொல்லி, ‘த்சுகியத்தே குதசாய்’, அதாவது என்னோடு பழகுங்கள் என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். அதற்குச் சம்மதம் கிடைத்தால் அந்த நொடியிலிருந்து இருவரும் காதலர்கள். அது வராதவரை எவ்வளவு நெருங்கினாலும் கணக்கில் நண்பர்கள்தான். அதனால்தான் இந்தக் கதைகள் 20, 25 எபிசோட் வரை அந்த ஒரு வாக்கியத்தைத் தள்ளிப்போட முடிகிறது.

கொகுஹாகு வராமலேயே முடிந்துவிட்டால், காதல் இல்லை என்று அர்த்தமா?

‘ஹ்யோகா’வின் (2012) கடைசி எபிசோடைப் பாருங்கள். 22 எபிசோட் முழுக்க ஒரேகியும் சிதாந்தாவும் சேர்ந்து புதிர் அவிழ்த்தவர்கள், அவ்வளவுதான். ஊர்த் திருவிழாவில் அவள் பொம்மை அரசி வேடத்தில் ஊர்வலம் போகிறாள், அவளுக்குக் குடைபிடித்து ஒரேகி பின்னால் நடக்கிறான். அவள் முகம் அவனுக்குத் தெரிவதில்லை, அதைப் பார்க்க முடியவில்லையே என்ற தவிப்பு அவனுக்கு. ஊர்வலம் முடிந்தபின், படித்துவிட்டு இந்த ஊருக்கே திரும்பி வருவேன், வியாபாரத் திட்டமிடும் திறமை எனக்கில்லை என்பதால் வேளாண்மைப் பக்கம் போகிறேன் என்று அவள் தன் வருங்காலத்தைச் சொல்கிறாள்.

நீ கைவிட்ட அந்த வியாபாரப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டால் என்ன என்று அவன் கேட்பதாகக் காட்சி விரிகிறது. கிட்டத்தட்ட கல்யாணப் பேச்சே அது. ஆனால் அது அவன் கற்பனை. உண்மையில் அவன் வாயிலிருந்து வருவது, குளிர ஆரம்பித்துவிட்டது என்பதுதான். இல்லை, வசந்தம் வந்துவிட்டது என்கிறாள் அவள். தொடர் முடிகிறது.

மூன்று கேள்விகளையும் இங்கே வைத்துப் பாருங்கள். உணர்வு இருக்கிறது. அது இன்னதென்று அவனுக்கு இப்போது தெரியும். கதை அவனை வாய் திறக்கவிடவில்லை. இதைக் காதல் இல்லை என்று சொல்பவர் அந்தக் கற்பனைக் காட்சியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முகம் சிவந்தால், கைபிடித்தால், பெயர் சொல்லி அழைத்தால்? எந்த அடையாளத்தை நம்பலாம்?

முகச் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். கூச்சம், கோபம், குளிர், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அனிமேவில் அதே சிவப்புக் கோடுகள்தான். பொதுக்குளியல், சுற்றுலாவில் ஒரே அறையில் மெத்தை விரித்துப் படுப்பது, பெண் தோழிகள் கைகோத்து நடப்பது ஆகியவை அங்கே சாதாரணம். ஒரே பாட்டிலில் குடிப்பதைக் கதையே பெரிதாகக் காட்டினால், அதாவது யாராவது அதைச் சுட்டிக்காட்டிப் பதறினால் மட்டும் கவனியுங்கள்.

பெயர் விஷயம் ஆளைப் பொறுத்தது. ஆணும் பெண்ணும் குடும்பப் பெயரிலிருந்து சொந்தப் பெயருக்கு மாறினால் அது பெரிய நகர்வு. இரண்டு பெண்களுக்குள் அது நட்பு இறுகிய அடையாளமாகவும் இருக்கலாம். பிப்ரவரி 14 சாக்லேட்டில் வகை பார்க்க வேண்டும்: கடமைக்குத் தருவது கிரி-சொகோ, தோழிகளுக்குள் தருவது தொமொ-சொகோ, மனதில் இருப்பவருக்குத் தருவது ஹொன்மெய்-சொகோ. எந்த வகை என்று சொல்லாமல் கொடுத்தால், அந்த மௌனமே காட்சியின் விஷயம். பட்டமளிப்பு நாளில் ஆண் மாணவனின் சீருடைக் கோட்டிலிருந்து இரண்டாவது பொத்தானைக் கேட்டு வாங்குவதும், விரல்களைப் பின்னிக் கைகோப்பதும் வலுவான குறிகள். ஒரே குடையின் கீழ் இருவர் பெயரையும் கரும்பலகையில் யாரோ எழுதி வைப்பது ஊர்வாய். அதில் இவர்கள் மனம் தெரியாது, சுற்றியிருப்பவர்கள் கண்ணுக்கு எப்படிப் படுகிறார்கள் என்பது தெரியும்.

எதையும்விட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. அதே பாத்திரம் மற்ற நண்பர்களிடமும் இப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று பாருங்கள். எல்லோரையும் கட்டிப்பிடிப்பவள் இவளையும் கட்டிப்பிடித்தால் செய்தி ஒன்றுமில்லை. யாரையும் தொடாதவள் இவள் கையை மட்டும் பிடித்தால் அங்கே நிறுத்தித் திரும்பப் பாருங்கள்.

‘ஹிபிகே! யூபோனியம்’ தொடரின் குமிகோவும் ரெய்னாவும் என்ன உறவு?

பள்ளி இசைக்குழு ஒன்றின் கதை இது. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 2015-இல் கியோட்டோ அனிமேஷன் எடுத்த முதல் சீசனில், 8-ஆவது எபிசோட் உஜி நகரத்தின் அகதா திருவிழா இரவு. குமிகோவைத் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறான் அவளுடைய சிறுவயது நண்பன் ஷூய்ச்சி. தப்பிப்பதற்காக, அந்தப் பக்கமாக வந்த ரெய்னாவின் கையைப் பிடித்து, இவளோடு போகிறேன் என்கிறாள் குமிகோ. இருவரும் கூட்டத்தைவிட்டு விலகி தைகிச்சி மலை ஏறுகிறார்கள். ரெய்னா வெள்ளை உடையில், காலைக் கடிக்கும் செருப்போடு. குமிகோ தன் யூபோனியத்தை (கனமான பித்தளை ஊதுகருவி) சுமந்துகொண்டு. வழியில் ரெய்னா ஒரு விரலால் குமிகோவின் நெற்றியிலிருந்து முகத்தின் நடுவாகக் கோடு இழுத்ததுபோலத் தடவுகிறாள். மலை உச்சியில், நான் விசேஷமானவளாக ஆகவேண்டும் என்கிறாள். நகரத்து விளக்குகளுக்கு மேலே இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். 11-ஆவது எபிசோடில், துரோகம் செய்தால் என்னைக் கொல்லலாம் என்று சொல்லிவிட்டு, இது காதல் கொகுஹாகு என்று குமிகோ தன் வாயாலேயே சொல்கிறாள்.

இவ்வளவும் பார்த்தவர் காதல் என்று முடிவுகட்டினால் அவர்மேல் தவறில்லை. ஆனால் அதே சீசனில் ரெய்னா இசை ஆசிரியர் தகியை விரும்புவதாகச் சொல்கிறாள், அதுவும் ‘லைக்’ இல்லை, ‘லவ்’ என்று பிரித்தே சொல்கிறாள். அவரிடம் கொண்டிருப்பதற்குப் பெயர் வைக்கத் தெரிந்தவள், குமிகோவிடம் கொண்டிருப்பதற்குப் பெயர் வைப்பதேயில்லை. 2019-இல் வந்த திரைப்படத்தில் குமிகோவும் ஷூய்ச்சியும் காதலர்களாகப் பழகி, இசைக்குழு வேலைக்காகக் கொஞ்ச காலம் விலகி இருக்க முடிவு செய்கிறார்கள்.

நேரான பதில்: இருவருக்கும் வாழ்க்கைத்துணை என்ற அர்த்தத்தில் காதல் வேறு திசையில் இருக்கிறது. தன்னை அளந்து பார்க்கும் அளவுகோலாக ஒருவர் மற்றவரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல அந்தத் தொடருக்குக் காதலின் மொழியைவிடப் பொருத்தமான மொழி கிடைக்கவில்லை, எடுத்துக்கொண்டது. வெறும் நட்பு என்று இதைத் தட்டிக்கழிப்பதும் சரியான வாசிப்பு ஆகாது. 2024-இல் வந்த மூன்றாவது சீசனின் 12-ஆவது எபிசோடில் யூபோனியத்தின் சிறப்புப் பகுதியை வாசிக்கப்போவது யார் என்று முடிவுசெய்ய, வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் நடக்கும் தேர்வில், முடிவைத் தீர்மானிக்கும் ஓட்டு ரெய்னா கைக்கு வருகிறது. குமிகோவின் ஒலி எது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே மற்றவளுக்குப் போடுகிறாள். மூல நாவலில் அந்த இடத்தை வெல்வது குமிகோ. அனிமே அதை மாற்றியது இந்த உறவு எதன்மேல் நிற்கிறது என்று காட்டத்தான். பிரியத்துக்காக இசையில் பொய் சொல்ல மாட்டோம் என்பதுதான் மலைமேல் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம்.

அதே உலகத்து ‘லிஸ்ஸும் நீலப் பறவையும்’ படத்தில்?

2018-இல் வந்த, 90 நிமிடப் படம், இயக்கம் நவோகோ யமதா. இங்கே இருவர் உணர்வும் சமமாக இல்லை என்பதே படம். ஓபோ வாசிக்கும் மிசொரேவுக்கு நொசொமிதான் உலகம். புல்லாங்குழல் வாசிக்கும் நொசொமிக்கு மிசொரே நிறையத் தோழிகளில் ஒருத்தி. தொடக்கத்தில் நொசொமி முன்னே நடக்க மிசொரே சில அடிகள் பின்னே வருவதைக் காலடிச் சத்தத்தோடு நீளமாகக் காட்டுகிறார்கள். வசனம் அதிகம் இல்லாததால் கால், கூந்தல், விரல் இவற்றைத்தான் படிக்க வேண்டும்.

கடைசியில் மிசொரே நொசொமியைக் கட்டிக்கொண்டு, உன் சிரிப்பு பிடிக்கும், பேச்சு பிடிக்கும், காலடி ஓசை பிடிக்கும், எல்லாம் பிடிக்கும் என்கிறாள். நொசொமி சொல்லும் பதில்: எனக்கு உன் ஓபோ பிடிக்கும். ஆளைச் சொன்னவளுக்கு வாத்தியத்தைச் சொல்லிப் பதில். மிசொரே பக்கம் காதல் என்று சொல்ல வேண்டிய எல்லாம் இருக்கிறது. நொசொமி பக்கம் இருப்பது, தன்னைவிடத் திறமையான தோழிமேல் உள்ள பொறாமையும் பாசமும் கலந்த ஒன்று. இந்த ஜோடி என்ன உறவு என்று ஒரே சொல்லில் கேட்டால் பதில் வராது, இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஆண்–பெண் ஜோடியில் இந்தக் குழப்பம் வருமா?

வரும். ‘ஃப்ரீரன்’ முதல் சீசனின் (2023–24, 28 எபிசோட்) 14-ஆவது எபிசோடில், பிடித்த மோதிரத்தை எடுத்துக்கொள் என்கிறான் ஹிம்மெல். ஃப்ரீரன் ஏதோ ஒன்றை எடுக்கிறாள். அதிலுள்ள பூ வடிவத்துக்கு என்றும் அழியாத அன்பு என்று பொருள், அது அவளுக்குத் தெரியாது. ஹிம்மெல் மண்டியிட்டு அவள் இடது கை மோதிர விரலில் போட்டுவிடுகிறான், ஒன்றும் சொல்லவில்லை. அதே எபிசோடில் ஸ்டார்க் அதே பூ உள்ள கைச்சங்கிலியைப் பொருள் தெரியாமல் ஃபெர்னுக்குக் கொடுக்கிறான். அங்கே வாங்கியவளுக்குப் பொருள் தெரியும். ஒரே பூ, தெரிந்தவரும் தெரியாதவரும் இடம் மாறி நிற்கிறார்கள். இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஜோடி கிடைக்காது.

பாத்திரமே ‘நண்பன்’ என்று சொல்லிவிட்ட பிறகும் ரசிகர்கள் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

‘ஜுஜுத்சு கைசென்’ கோஜோ, கேதோவைத் தன் ஒரே உற்ற நண்பன் என்றே சொல்கிறான். கதையின் சொல் அது, மதிக்க வேண்டும். அந்த நட்பின் இழப்பு அவனை எவ்வளவு குலைக்கிறது என்பதைப் பார்ப்பவர் தன் விருப்பப்படி உணரலாம், படம் வரையலாம், கதை எழுதலாம். கதை அப்படிச் சொல்கிறது என்று மட்டும் சொல்லக்கூடாது.

தயாரிப்பாளர்கள் ஏன் தெளிவாகச் சொல்வதில்லை? இது ரசிகர்களை இழுக்கும் தந்திரமா?

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடையாது. பழைய மரபு ஒன்று இருக்கிறது: பெண்கள் பள்ளியில் அக்கா–தங்கை முறையில் உருவாகும் ஆழ்ந்த பிணைப்பு. யொஷியா நொபுகோ 1916 முதல் எழுதிய ‘பூக்கதைகள்’ அதன் ஊற்று. 1998-இல் தொடங்கிய ‘மரியா-சமா க மிதேரு’ நாவல்களில் மூத்த மாணவி இளையவளுக்கு ஜெபமாலை கொடுத்துத் தங்கையாக ஏற்பது அதே வழி வந்தது. அங்கே பெயர் வைக்காமல் விடுவதே அந்த வகையின் அழகு. அதைத் தந்திரம் என்பது நியாயமில்லை.

‘யூரி!!! ஆன் ஐஸ்’ (2016, 12 எபிசோட்) வேறு வகை. 7-ஆவது எபிசோடில் விக்டர் யூரிமேல் பாய்ந்து அணைக்கும்போது விக்டரின் கை இருவர் வாயையும் மறைக்கிறது. 10-இல் பார்சிலோனாவில் இருவரும் பொன் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். யூரி அதை அதிர்ஷ்டத் தாயத்து என்கிறான், விக்டர் நிச்சயதார்த்த மோதிரம் என்கிறான். முத்தத்தை மறைத்துவிட்டு மோதிரத்தைக் காட்டிய தொடர் இது, இதைக் காதல் என்று படிப்பதே முறை.

வணிகத் தயக்கம் நேராகத் தெரிந்தது ‘புதன் கிரகத்துச் சூனியக்காரி’ குண்டம் தொடரில்தான் (2022–23, 24 எபிசோட்). முதல் எபிசோடிலேயே சுலெத்தா மியோரினேவின் மணமகனாகிறாள். கடைசியில் மூன்று ஆண்டுகள் கழித்து இருவர் விரலிலும் மோதிரம், பேச்சில் நாத்தனார் என்ற உறவுமுறையே வருகிறது. 2023 ஜூலையில் ‘குண்டம் ஏஸ்’ இதழின் பேட்டியில் சுலெத்தாவுக்குக் குரல் கொடுத்த இசினோசே கானா இருவரும் மணமானவர்கள் என்று சொன்னதாக அச்சாகி வந்தது. மின்னிதழில் அந்தச் சொல் காணாமல் போனது. அது ஆசிரியர் குழுவின் ஊகம், முடிவு பார்வையாளர் கையில் என்று தொடரின் தளத்தில் அறிவிப்பு வந்தது. மோதிரத்தையும் முறைப்பெயரையும் படைப்பாளிகளே வைத்த பிறகு, வெளியிலிருந்து அதை மங்கலாக்கியது வருத்தத்துக்குரியது. ரசிகர்களின் கோபம் நியாயமானது. கதைக்குள் இருப்பது ஒரு நிறுவனத்தின் அறிவிப்பால் அழிந்துவிடாது.

டப்பிங்கில் உறவு மாறிவிடுமா?

மாறியிருக்கிறது. ‘சேலர் மூன் எஸ்’ (1994–95) தொடரில் ஹருகாவும் மிசிருவும் காதலர்கள். 2000-இல் வந்த ஆங்கில டப்பிங்கில் ஒன்றுவிட்ட சகோதரிகளாக மாற்றினார்கள். பார்வையையும் தொடுதலையும் வெட்ட முடியாததால் சகோதரிகள் ஏன் இப்படிப் பழகுகிறார்கள் என்ற விசித்திரம்தான் மிஞ்சியது. ஐயம் வந்தால் ஜப்பானிய ஒலியில், இரண்டு வேறு சப்டைட்டில்களோடு அதே காட்சியைப் பாருங்கள்.

தொடங்கும் முன்பே வகையைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

மூல மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) எந்த இதழில் வந்தது என்று பாருங்கள். ‘யூரி ஹிமே’ என்றால் பெண்களுக்கிடையிலான காதல் கதை. ‘மங்கா டைம் கிராரா’ குடும்பம் என்றால் பெரும்பாலும் தோழிகளின் அன்றாடம், சாயல் மட்டும் இருக்கும். ‘கிவன்’ வந்தது ஆண் காதல் இதழான ‘ஷெரி ப்ளஸ்’ஸில். ஆனால் இதை முழுக்க நம்பவும் முடியாது: இரு பெண்களின் வெளிப்படையான காதல் கதையான ‘யாகதே கிமி நி நரு’ (8 தொகுதி, 2015–2019) பொது இதழான ‘தெங்கெகி தைஓ’வில்தான் வந்தது.

எந்த வரிசையில் பார்த்தால் இந்தப் பார்வை பழகும்?

முதலில் ‘யாகதே கிமி நி நரு’ அனிமே, 13 எபிசோட். எல்லாம் வாய்விட்டுச் சொல்லப்படுவதால், உணர்வதும் அதைத் தெரிந்துகொள்வதும் வேறு வேறு என்பது எளிதில் பிடிபடும். பிறகு ‘ஹ்யோகா’. அடுத்து யூபோனியம் முதல் இரண்டு சீசன், அதன் பிறகே ‘லிஸ்’ படம். மிசொரேவும் நொசொமியும் பிரிந்து சேர்ந்த கதை இரண்டாவது சீசனின் தொடக்க எபிசோடுகளில் இருக்கிறது, அது தெரியாமல் படத்துக்குப் போனால் மிசொரேவின் பயம் புரியாது. படத்தை ஹெட்ஃபோனில் பாருங்கள். காலடிச் சத்தங்கள் கணினி ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும்.